மசூர் பருப்புப் பயிரில் மரபு வேறுபாட்டை அளப்பது எப்படி? விதை வாங்குவதிலிருந்து முதல் கலப்பு வரை

தோல் நீக்காத முழு மசூர் பருப்பு ஒரு கைப்பிடி எடுத்து, பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளில் பரப்புங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பழுப்பு. கிட்டே குனிந்து பாருங்கள். சிலது சாம்பல் சாயல், சிலதில் கருப்புப் புள்ளி, சிலதில் மார்பிள் கல் போலத் திட்டுத்திட்டாகக் கோலம். ஒரு விதையைப் பிளேடால் பிளந்தால் உள்ளே, நாம் குழம்பில் பார்க்கும் அதே ஆரஞ்சுச் சிவப்பு. இந்த வழிகாட்டி அந்தத் தாளில் தொடங்குகிற வேலையைப் பற்றியதுதான்.

நம் ஊர்க் கடைகளில் இதன் பெயர் மைசூர் பருப்பு. மசூர் என்ற வடக்கத்திச் சொல்தான் நம் வாயில் மைசூர் ஆனது என்பார்கள். இலங்கையில் வெறுமனே ‘பருப்பு’ என்றாலே பெரும்பாலும் இதுதான். அங்கே அது கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. இந்தியாவில் இது குளிர்காலப் பயிர். மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம் ஆகியவை முக்கியமான பகுதிகள். தமிழ்நாட்டில் இதைச் சாப்பிடுகிறோமே தவிர விதைப்பதில்லை. ஆனாலும் பயிர்ப்பெருக்கம் படிக்கும் தமிழ் மாணவர்கள் வடக்கே போய் இந்தப் பயிரில் ஆய்வு செய்கிறார்கள். அவர்களுக்காகவும், நாட்டு விதை சேகரிப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். முறை அப்படியே உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயலில் ஒரு செடி உயரமாகவும் பக்கத்துச் செடி குட்டையாகவும் இருந்தால், அந்த வித்தியாசத்தில் எவ்வளவு விதையிலிருந்து வந்தது, எவ்வளவு மண்ணிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். அது தெரியாமல் எடுக்கும் அளவுகள் எல்லாம் வெறும் நோட்டுப் புத்தகம்தான்.

படி 1: செடியைத் தெரிந்துகொள்ளுங்கள்

தாவரவியல் பெயர் லென்ஸ் குலினாரிஸ். கண்ணாடி வில்லைக்கு லென்ஸ் என்ற பெயர் வந்ததே இந்த விதையின் வடிவத்தால்தான். முழங்கால் உயரத்துக்கு மேல் போகாத மெல்லிய செடி. சிற்றிலைகள் வரிசையாக இருக்கும், இலை நுனியில் பற்றுக்கம்பி இருக்கும், தட்டையான சின்னக் காய்க்குள் ஒன்றோ இரண்டோ விதை இருக்கும். குரோமோசோம்கள் 14. மரபணுத் தொகுதி சுமார் 400 கோடி எழுத்துகள் கொண்டது. மனிதனுடையதைவிடப் பெரியது, நெல்லுடையதைப் போலப் பத்து மடங்கு.

பூ விரிவதற்கு முன்பே மகரந்தப்பை வெடித்துவிடுவதால் இது தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். அயல் மகரந்தம் சேர்வது பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. இதனால் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, விதைப் பெருக்கத்தின்போது பூவுக்கு உறை மாட்ட வேண்டியதில்லை. இரண்டு, ஒரு விவசாயி வீட்டு நாட்டு ரகம் என்பது பல தூய வரிசைகள் (தலைமுறை தலைமுறையாகக் குணம் மாறாமல் வரும் வம்சங்கள்) பக்கத்துப் பக்கத்தில் வாழும் கூட்டுக் குடும்பம். தாளில் பார்த்த வெவ்வேறு கோலங்களுக்குக் காரணம் அதுதான்.

இந்தப் பயிரின் வேறுபாடுகளை முதன்முதலில் முறையாக வகைப்படுத்தியவர் சோவியத் ரஷ்யாவின் எலினா பருலினா. 1930-ல் வந்த அவருடைய ஆய்வு நூலில் பெருவிதை, சிறுவிதை என்று இரண்டு பிரிவுகள் வகுத்தார். 6 மில்லிமீட்டர் விட்டம்தான் ஏறத்தாழ எல்லைக்கோடு. தெற்காசிய மசூரை, செடியிலும் காயிலும் உள்ள மயிரை வைத்து, ‘பிலோசே’ என்று தனிக்குழுவாகப் பிரித்தார். விதை சேகரிப்பின் முன்னோடியான வாவிலோவின் மனைவி இவர். வாவிலோவ் 1943-ல் சரடோவ் சிறையில் இறந்தார். பருலினாவின் பெரு, சிறு பிரிவு இன்றும் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அவர் பெயர்தான் அபூர்வமாக வருகிறது.

படி 2: விதை திரட்டுதல்

பத்து ரகங்களை வைத்து மரபு வேறுபாடு பேச முடியாது. குறைந்தது 30, 40 வரிசைகள் வேண்டும். நூற்றுக்கு மேல் கிடைத்தால் இன்னும் நல்லது. எண்ணிக்கையைவிட எங்கிருந்து வந்தவை என்பது முக்கியம். உள்ளூர் நாட்டு ரகங்கள், வெளியிடப்பட்ட ரகங்கள், மேற்காசிய வரிசைகள், எத்தியோப்பியாவிலிருந்து வந்தவை என்று கலந்து எடுங்கள்.

இந்தியாவில் கேட்க வேண்டிய இடம் புது டெல்லியில் உள்ள தேசியத் தாவர மரபுவளப் பணியகம். உள்நாட்டில் சேகரித்தவற்றுக்கு ‘ஐசி’ எண், வெளிநாட்டிலிருந்து வந்தவற்றுக்கு ‘ஈசி’ எண். கான்பூரில் உள்ள இந்தியப் பயறுவகை ஆராய்ச்சி நிறுவனத்திலும் மசூர் சேகரம் உண்டு. உலக அளவில் பெரிய சேகரம், வறண்ட நிலப் பயிர்களுக்கான பன்னாட்டு ஆய்வு நிறுவனமான இக்கார்டாவுடையது. அதன் வரிசைகள் ‘ஐஎல்எல்’ எண்ணோடு வரும். மசூர், பன்னாட்டுத் தாவர மரபுவள ஒப்பந்தத்தின் பொதுப் பட்டியலில் இருக்கும் பயிர். ஆகவே பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு முறைப்படி பெறலாம். கடிதம் எழுதி விதை கைக்கு வர மாதங்கள் ஆகும். அக்டோபரில் விதைக்க நினைத்தால் கோடைக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

அந்த இக்கார்டா விதைகள் கையில் வரும்போது அவை வந்த வழியை நினைத்துக்கொள்வது நல்லது. 1977-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் விதைவங்கி சிரியாவில் அலெப்போ நகருக்கு அருகே இருந்தது. போர் வந்தது, 2012 வாக்கில் ஊழியர்கள் இடம்பெயர வேண்டியதாயிற்று. ஆனால் அதற்கு முன்பே பிரதிகளை நார்வேயின் ஸ்வால்பார்ட் பனிக்கிடங்குக்கு அனுப்பி வைத்திருந்தார்கள். 2015-ல் அந்தக் கிடங்கிலிருந்து முதன்முதலாக விதை திரும்ப எடுக்கப்பட்டது அவர்களுக்காகத்தான். லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017-ல் மறுபடி ஒரு பங்கைக் கொண்டுபோய் வைத்தார்கள். ஒரு சிறு காகித உறையில் 20 கிராம் விதை வந்தால் அதில் ஒரு பங்கை எடுத்து வைக்காமல் முழுதும் விதைத்துவிடாதீர்கள்.

கூடவே இரண்டு மூன்று பேர்போன ரகங்களை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வயல் மொழியில் இதற்குச் ‘செக்’ ரகம் என்று பெயர். உதாரணமாக 2017-ல் வந்த பூசா அகேத்தி மசூர். சுமார் 100 நாளில் முடிந்துவிடும், இரும்புச்சத்து 65 பிபிஎம், அதாவது கிலோவுக்கு 65 மில்லிகிராம். கூடவே உங்கள் மாவட்டத்து விவசாயிகள் நம்பி விதைக்கும் ரகம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

படி 3: வயல் அமைப்பு

அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதிக்குள் விதைப்பு. சாலுக்குச் சால் 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 5 சென்டிமீட்டர், ஆழம் 3 முதல் 4 சென்டிமீட்டர். ஒவ்வொரு ரகத்துக்கும் 4 மீட்டர் நீளத்தில் இரண்டு சால் என்றால் ஒரு பாத்திக்குச் சுமார் 160 விதை, மூன்று தொகுதிக்கு 480.

விதை அவ்வளவு இருந்தால், வயலை மூன்று தொகுதிகளாகப் பிரித்து ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா ரகங்களும் ஒரு முறை வருமாறு சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்குங்கள். தொகுதிகளை மண் மாறும் திசைக்குக் குறுக்காகப் பிரியுங்கள்: மேட்டுப் பக்கம் ஒரு தொகுதி, நடுவில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று. ஒரே தொகுதிக்குள் மேடும் பள்ளமும் சேர்ந்தால் தொகுதி பிரித்ததே வீண். விதை கொஞ்சமாகவும் வரிசைகள் 200-ம் இருந்தால், புது வரிசைகளை ஒரே ஒரு முறையும் செக் ரகங்களை மட்டும் ஒவ்வொரு தொகுதியிலும் விதைக்கும் ‘ஆக்மெண்டட்’ முறை இருக்கிறது. செக் ரகங்கள் தொகுதிக்குத் தொகுதி எப்படி மாறின என்பதை வைத்து மற்றவற்றின் அளவுகளைத் திருத்திக்கொள்ளலாம்.

கிழக்கிந்தியாவில் நெல் அறுப்பதற்கு முன்பே ஈர வயலில் மசூரைத் தூவி விடுகிறார்கள். நம் காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடைக்கு முன் உளுந்து தெளிப்பது போலத்தான். அந்தச் சூழலுக்கு ரகம் தேடுகிறவர்கள் உழுத வயலில் மட்டும் சோதித்தால் போதாது. அங்கே முளைக்கும் வேகமும் தொடக்க வீரியமும் தனியாக அளக்க வேண்டிய பண்புகள்.

பெயர்ப் பலகைகளில் ஒரு எச்சரிக்கை. மார்க்கர் பேனாவால் எழுதிய அட்டைகள் ஒரு ஜனவரி மழையில் எனக்கு அழிந்துபோயின. வயல் வரைபடம் ஒன்று நோட்டில் இருந்ததால் தப்பித்தேன். பென்சிலால் எழுதுங்கள், வரைபடத்தின் ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள்.

படி 4: பூக்கும் நாளைக் குறிப்பது

மற்ற எல்லா அளவுகளையும்விட இதில்தான் இந்தப் பயிரின் கதை ஒளிந்திருக்கிறது. ஒரு பாத்தியில் பாதிச் செடிகளில் பூ தெரியும் நாளைக் குறியுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாளாவது வயலுக்குப் போக வேண்டும்.

மசூர், பகல் நீண்டால் சீக்கிரம் பூக்கும் பயிர். சிரியா, துருக்கிப் பக்கத்து வரிசைகள் வசந்தத்தின் நீண்ட பகலை எதிர்பார்த்து வளர்ந்தவை. அவற்றை நம் வடக்கத்திக் குளிர்காலத்தின் குறுகிய பகலில் விதைத்தால் இலையும் தண்டுமாகவே வளர்ந்துகொண்டிருக்கும். உள்ளூர் ரகம் காய் பிடித்து முடிக்கும் நேரத்தில்தான் அவற்றில் பூ வரும். மார்ச் வெயில் வந்ததும் பூவும் பிஞ்சும் கொட்டிவிடும். உங்கள் வயலில் இதைக் கண்ணாலேயே பார்ப்பீர்கள்: பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் ஒன்று பழுத்திருக்கும், ஒன்று பச்சைப்பசேல் என்று நிற்கும்.

இதனால் பல நூற்றாண்டுகளாகத் தெற்காசிய மசூர் தனித்தீவாகிவிட்டது. மேற்கிலிருந்து இங்கே வந்து சேர்ந்த ஒரு சில சீக்கிரப் பூ வரிசைகளின் வாரிசுகள்தான் பிலோசே குழு. வெளியிலிருந்து புது ரத்தம் கலக்கவில்லை. வேற்றூர்ச் செடி பூக்கும் நேரம் வேறாக இருக்கும்போது கலப்பது எப்படி? பரப்பளவில் பெரிய பகுதி, மரபில் குறுகிய அடித்தளம். இந்த முடிச்சை அவிழ்க்க உதவிய வரிசைகளில் ஒன்று ‘பிரிகோஸ்’. அர்ஜென்டினாவிலிருந்து வந்தது, ஐஎல்எல் 4605 என்ற எண். விதை பெரியது, ஆனால் சீக்கிரம் பூக்கும். காரணம் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத ஒடுங்கு மரபணு ஒன்று. தெற்காசிய ரகங்களோடு அதைக் கலந்ததில் புதிய பெருவிதைச் சந்ததிகள் கிடைத்தன.

பின்னாளில் கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழகம் முன்னின்று, 324 வரிசைகளைக் கனடா, அமெரிக்கா, ஸ்பெயின், இத்தாலி, மொராக்கோ, இந்தியா, நேபாளம், வங்கதேசம் என்று 9 இடங்களில் விதைத்துப் பூக்கும் நாளைப் பதிந்தார்கள். இந்தியாவில் இடம் போபால். ஒரு வரிசை வெப்பத்துக்கு எவ்வளவு இணங்குகிறது, பகல் நீளத்துக்கு எவ்வளவு இணங்குகிறது என்று இரண்டையும் பிரித்துப் பார்த்த ஆய்வு அது. உங்கள் ஒரே வயலில் அவ்வளவு முடியாது. ஆனால் அரை மாத இடைவெளியில் இரண்டு முறை விதைத்தால் அந்தப் பிரிவின் நிழலாவது தெரியும். இடம் இருந்தால் கட்டாயம் செய்யுங்கள்.

படி 5: மற்ற பண்புகள்

எந்தப் பண்பை எப்படி எழுதுவது என்பதற்கு 1985-ல் வெளியான பன்னாட்டு விவரக் கையேடு இருக்கிறது. இந்தியாவில் ரகப் பதிவுக்கான வழிகாட்டு நெறிகளும் உண்டு. அவற்றின் எண் முறையையே பின்பற்றுங்கள். சொந்தமாக ‘நடுத்தரப் பச்சை’ என்று எழுதினால் வேறு யாராலும் ஒப்பிட முடியாது.

பாத்தியின் ஓரச் செடிகளை விட்டுவிட்டு, நடுவில் ஐந்து செடிகளுக்கு நூல் கட்டுங்கள். நல்ல செடியாகப் பார்த்துக் கட்டக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தது போல இருக்க வேண்டும். செடி உயரம், கிளைகள், முதல் காய் தரையிலிருந்து எவ்வளவு உயரம், செடிக்குக் காய்கள், காய்க்கு விதை, 100 விதை எடை, செடி மகசூல். முதல் காயின் உயரத்தை நிறையப் பேர் அளக்காமல் விடுகிறார்கள். இயந்திர அறுவடைக்கு அதுதான் முடிவு செய்யும் பண்பு. அறுவடையைக் காலைப் பனி காய்வதற்குள் செய்தால் காய் வெடித்துச் சிந்தாது.

இனி விதை. மசூரில் மரபியல் கண்ணுக்கு நேராகத் தெரிவது இங்கேதான். விதையுறையின் அடிநிறத்தை இரண்டு மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. இரண்டிலும் ஓங்கு வடிவம் இருந்தால் பழுப்பு. ஒன்று மட்டும் ஓங்கியிருந்தால் சாம்பல், மற்றொன்று மட்டும் ஓங்கியிருந்தால் வெளிர் மண்நிறம். இரண்டும் ஒடுங்கினால் பச்சை. பழுப்பையும் பச்சையையும் கலந்தால், பேரப்பிள்ளைச் செடிகளின் விதையுறையில் 9:3:3:1 என்று நான்கு நிறமும் வரும். பள்ளியில் பட்டாணியை வைத்துப் படித்த அதே விகிதம். அடிநிறத்தின் மேல் வரும் புள்ளி, திட்டு, மார்பிள் கோலங்களுக்குத் தனி மரபணு.

உள்ளே இருக்கும் விதையிலையின் நிறம் வேறு கணக்கு. சிவப்பு ஓங்கியது, மஞ்சள் ஒடுங்கியது. விதையுறை தாய்ச்செடியின் திசு. விதையிலையோ அடுத்த தலைமுறை. ஆக ஒரே விதையில் வெளியே அம்மாவும் உள்ளே பிள்ளையும் இருக்கிறார்கள். நிறத்தைப் பதியும்போது இதை மறந்தால் ஒரு தலைமுறை தள்ளி எழுதிவிடுவீர்கள். இன்னொன்று, டானின் என்ற துவர்ப்புப் பொருள் உள்ள விதையுறை வைக்க வைக்கக் கருக்கும். எல்லா வரிசையையும் அறுவடையான ஒரே வாரத்தில், ஒரே வெளிச்சத்தில் பாருங்கள்.

படி 6: கணக்கு

இங்கேதான் விதையையும் மண்ணையும் பிரிக்கிறோம். மாறுபாட்டுப் பகுப்பாய்வு (அனோவா) செய்தால் ரகங்களின் சராசரி வர்க்கம், பிழையின் சராசரி வர்க்கம் என்று இரண்டு எண்கள் வரும்: முதலாவது ரகத்துக்கு ரகம் உள்ள வித்தியாசம், இரண்டாவது ஒரே ரகம் இடத்துக்கு இடம் ஆடும் ஆட்டம். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து, தொகுதிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் மரபு மாறுபாடு. அதோடு பிழையைக் கூட்டினால் மொத்த மாறுபாடு. மொத்தத்தில் மரபின் பங்கு எவ்வளவு என்பதே மரபுவழித் திறன்.

புரிவதற்காக நானே வைத்த எண்களில் செய்து காட்டுகிறேன். 100 விதை எடையின் சராசரி 2.5 கிராம், ரகங்களின் சராசரி வர்க்கம் 0.66, பிழை 0.06, தொகுதி 3. 0.66-லிருந்து 0.06 போனால் 0.60, அதை 3-ஆல் வகுத்தால் மரபு மாறுபாடு 0.20. மொத்தம் 0.26. மரபுவழித் திறன் 77 சதவீதம். இதே வயலில் செடி மகசூலின் சராசரி 4 கிராம். சராசரி வர்க்கங்கள் 2.4, 1.2 என்று வையுங்கள். மரபு மாறுபாடு 0.4, மொத்தம் 1.6, மரபுவழித் திறன் வெறும் 25 சதவீதம்.

அடுத்து மரபு முன்னேற்றம்: சிறந்த 5 சதவீதத்தைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த தலைமுறை எவ்வளவு நகரும் என்ற மதிப்பீடு. 2.06-ஐ (5 சதவீதத் தேர்வுக்கான மாறிலி) மரபுவழித் திறனாலும், மொத்த மாறுபாட்டின் வர்க்கமூலத்தாலும் பெருக்குங்கள். விதை எடைக்கு 0.81 கிராம், சராசரியில் 32 சதவீதம். மகசூலுக்கு 0.65 கிராம், 16 சதவீதம். வயலில் அதிகமாக ஆடியது மகசூல்தான். ஆனால் கையில் பிடிபடுவது விதை எடை. முதல் வருட மாணவர்கள் மகசூலை மட்டும் பார்த்துச் செடி பிடுங்குவதை நான் ஒவ்வொரு பருவமும் பார்க்கிறேன். பெரும்பாலும் அவர்கள் தேர்ந்தெடுப்பது நல்ல செடியை இல்லை, நல்ல மண்ணில் நின்ற செடியை. ஒரே இடத்தில் ஒரே வருடம் அளந்த மரபுவழித் திறன் கொஞ்சம் ஊதியே இருக்கும் என்பதையும் அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

பண்புகளுக்கு இடையிலான தொடர்பையும் பாருங்கள். காய் எண்ணிக்கை மகசூலோடு சேர்ந்து ஏறுவது வழக்கம். விதை பெரிதானால் காய் எண்ணிக்கை குறைவதும் அடிக்கடி பார்ப்பதுதான். இந்தக் கணக்கெல்லாம் ‘ஆர்’ மென்பொருளில் இலவசமாகச் செய்யலாம்.

படி 7: யாருக்கு யார் தூரம்?

ஒவ்வொரு பண்பாகப் பார்த்தது போதும். எல்லாப் பண்புகளையும் சேர்த்து இரண்டு வரிசைகளுக்கு இடையே தூரம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். அதற்கான அளவு, புள்ளியியலாளர் மகாலனோபிஸின் டி-ஸ்கொயர். கொல்கத்தாவில் மனிதர்களின் உடல் அளவுகளை ஒப்பிடும் கேள்வியிலிருந்து அவர் உருவாக்கி, 1936-ல் வெளியிட்டது. இன்று நம் நாட்டின் பயிர்ப்பெருக்க ஆய்வேடுகளில் அது இல்லாதவை குறைவு. பண்புகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதையும் கணக்கில் எடுப்பதுதான் அதன் சிறப்பு. அந்தத் தூரங்களை வைத்து, நெருக்கமானவற்றை ஒன்றாகச் சேர்க்கும் டோச்சர் முறையில் குழுக்கள் பிரிக்கலாம்.

குழு பிரித்ததும் ஒரு விஷயம் கண்ணில் படும். ஒரே மாநிலத்து வரிசைகள் வெவ்வேறு குழுக்களிலும், தூரத்து ஊர்க்காரர்கள் ஒரே குழுவிலும் இருப்பார்கள். பயப்பட வேண்டாம், விதை மனிதர்களோடு பயணம் செய்தது. ஊர்ப் பெயரை வைத்து மரபுத் தூரத்தை ஊகிக்கக் கூடாது என்பதற்கு அதுவே சான்று.

வசதி இருந்தால் இளம் இலையிலிருந்து டிஎன்ஏ எடுத்து எஸ்எஸ்ஆர் அல்லது எஸ்என்பி குறியீடுகளில் (வரிசைக்கு வரிசை டிஎன்ஏ மாறும் அடையாள இடங்கள்) ஒப்பிடுங்கள். அது மண்ணாலோ மழையாலோ மாறாத சாட்சி. ஆனால் டிஎன்ஏ தூரம் மட்டும் போதும் என்று வயலை விட்டுவிடாதீர்கள். மார்ச் வெயிலில் எது தாங்கும் என்று அது தானாகச் சொல்லாது. காட்டு உறவுகளையும் இந்தக் கட்டத்தில் யோசிக்கலாம். லென்ஸ் ஓரியன்டாலிஸ் மசூரின் மூதாதையான காட்டினம், கலப்பது எளிது. லென்ஸ் எர்வாய்டிஸ் தூரத்து உறவு. ஆனால் கனடாவில் ஆந்த்ராக்னோஸ் நோய்க்கு எதிர்ப்புச் சக்தி அதிலிருந்துதான் எடுக்கப்பட்டது. கலப்புக் கரு காய்க்குள் பிழைக்காததால் அதை ஆய்வகத்தில் தனியே எடுத்து வளர்க்க வேண்டியிருந்தது.

படி 8: பெற்றோரைத் தேர்ந்து கலப்பது

தூரம் அதிகம் என்பதற்காக மட்டும் ஜோடி சேர்க்காதீர்கள். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்ப வேண்டும்: சீக்கிரம் பூக்கும் உள்ளூர் சிறுவிதை ஒன்று, வாடல் நோயையோ துருநோயையோ தாங்கும் பெருவிதை ஒன்று. பூக்கும் நாள் ஒத்துவர, தாமதமான பெற்றோரை முன்கூட்டியே, இரண்டு மூன்று தவணைகளாக விதைத்து வையுங்கள்.

கலப்புக்கு எடுக்க வேண்டியது இதழ் இன்னும் புல்லிக்குள் ஒடுங்கியிருக்கும் மொட்டு. அரிசி மணியைவிடச் சின்னது. இடதுகை விரல்களுக்கு நடுவே காம்பு முறியாமல் பிடித்து, கூர்மையான இடுக்கியால் இதழை விலக்கினால் பத்து மகரந்தப்பைகள் பச்சையாக இருக்கும். ஒன்றையும் விடாமல் எடுத்துவிட்டு, தந்தைச் செடியில் அன்று விரிந்த பூவின் மகரந்தத்தைச் சூலகமுடியில் தொட்டு வையுங்கள். வண்ண நூலில் பெற்றோர் எண்ணையும் தேதியையும் கட்டுங்கள். பெரும்பாலான மொட்டுகள் உதிர்ந்துவிடும். பழகும்வரை மனம் தளரத்தான் செய்யும், நிறையச் செய்யுங்கள்.

தாயாக மஞ்சள் விதையிலை வரிசையையும் தந்தையாகச் சிவப்பையும் வைக்க முடிந்தால் ஒரு பெரிய வசதி உண்டு. நூல் கட்டிய காயை அறுவடையில் தனியாக உரியுங்கள். முளை இருக்கும் விளிம்பைத் தவிர்த்து, விதையின் மறுபக்கத்து ஓரத்தில் பிளேடு நுனியால் தோலைத் துளி சுரண்டிப் பாருங்கள். உள்ளே மஞ்சள் தெரிந்தால் தாயின் சொந்த மகரந்தம் புகுந்துவிட்டது, அதை ஒதுக்குங்கள். ஆரஞ்சுச் சிவப்பு தெரிந்தால் கலப்பு பிடித்திருக்கிறது. சுரண்டிய விதை முளைக்கும், பயம் வேண்டாம். அதை நூலோடு சேர்த்துக் காகித உறையில் போட்டு, நன்றாக உலர்த்தி, வண்டு புகாத டப்பாவில் அடுத்த அக்டோபர்வரை குளிரில் வையுங்கள்.